மூன்றாம் கட்சிக்குப் போடும் ஓட்டு: எங்கே வீண், எங்கே பலன்

கேள்வியின் சாரம் இது: அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு அதிபர் தேர்தல்களில் ஓட்டுப் போட்டாயிற்று. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டுமே வெறுத்துப்போய்விட்டன. மூன்றாம் கட்சி ஒன்றை ஆதரித்தால் ஓட்டு வீணாகுமா? ஆதரிப்பதென்றால் உருப்படியாக எப்படி ஆதரிப்பது?

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதிபர் தேர்தலில் மட்டும் மூன்றாம் கட்சிக்கு ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு வருவதுதான் இருக்கும் வழிகளிலேயே பலன் குறைந்தது. பலன் உள்ள வழிகள் சில இருக்கின்றன. அவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பெரும்பாலும் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடும். ஏன் அப்படி என்று புரிய, முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு பெரிய கட்சி வேண்டும் என்று சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. 2023ல் கேலப் எடுத்த கருத்துக்கணிப்பில் 63% பேர் அப்படிச் சொன்னார்கள். ஆனால் அத்தனை பேரும் கேட்பது ஒரே கட்சியை அல்ல. ஒருவருக்குப் பசுமைக் கட்சி, இன்னொருவருக்கு அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சி, வேறொருவருக்கு இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. 63 என்பது அங்கேயே மூன்று நான்கு துண்டாகிவிடுகிறது. மிச்சத்தை எண்ணும் முறை பார்த்துக்கொள்கிறது.

தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வென்றவர். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் தொகுதிக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். ஒரு தொகுதியிலிருந்து ஒருவருக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 1967ல் சட்டமே வந்துவிட்டது. இந்த முறையில் எவ்வளவு ஓட்டு என்பதைவிட எங்கே ஓட்டு என்பதுதான் தீர்மானிக்கும். இதே முறையில் நடந்த 2024 பிரிட்டன் பொதுத்தேர்தலில் ரிஃபார்ம் யுகே கட்சிக்கு 14.3% ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12.2% ஓட்டு, 72 இடம். முதல் கட்சியின் ஓட்டு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. இரண்டாவது கட்சி ஜெயிக்கக்கூடிய தொகுதியாகப் பார்த்து இறங்கியது. இந்தியாவிலும் இதே முறைதான், ஆனாலும் கட்சிகள் ஏராளம். மாநிலக் கட்சிகளின் ஓட்டு அந்தந்த மாநிலத்துக்குள் குவிந்திருப்பது அதற்குப் பெரிய காரணம்.

அதிபர் தேர்தலில் இது இன்னும் கடுமை. 1992ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 1.97 கோடி ஓட்டு வாங்கினார், 18.9%. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர்களின் ஓட்டு; அதில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1968ல் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5%தான், ஆனால் தென் மாநிலங்களில் குவிந்திருந்ததால் 46 தேர்வாளர் ஓட்டு. மொத்தமுள்ள 538ல் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர் ஓட்டும் போய்விடும். ஒருவேளை மூன்றாம் வேட்பாளர் சில மாநிலங்களை வென்று யாருக்குமே 270 கிடைக்காமல் செய்தாலும் அவர் அதிபராகிவிட முடியாது. அரசியல் சட்டத்தின் 12வது திருத்தப்படி முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 26 மாநிலம் வேண்டும். சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இரண்டு கட்சிக்காரர்கள். சபையில் ஆள் இல்லாத கட்சி அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதன் அபத்தம் இங்கேதான் முழுதாகத் தெரியும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதை.

எண்ணும் முறையை எல்லாரும் பேசுகிறார்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கான விதிகள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவே இல்லை. கட்சிகளே அச்சடித்துக் கொடுத்தன, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1888ல் மாசசூசெட்ஸ் அரசு அச்சடிக்கும் ரகசியச் சீட்டைக் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மிரட்டலும் ஓட்டு விலைபேசலும் குறைந்தன, நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த நாளிலிருந்து மாநிலச் சட்டமன்றங்களின் கைக்குப் போனது. சட்டமன்றங்கள் யார் கையில் என்று சொல்லத் தேவையில்லை.

பலன், ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதி. இந்தியாவில் சுயேச்சையாக மக்களவைக்கு நிற்க 10 பேர் முன்மொழிந்து டெபாசிட் கட்டினால் போதும், இயந்திரத்தில் பெயர் வந்துவிடும். டென்னசியில் சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 275 கையெழுத்து. அது எளிது. அதே பதவிக்கு 2024ல் டெக்சாஸில் 1,13,151 கையெழுத்து, கலிபோர்னியாவில் 2,19,403. நியூயார்க் 2020ல் விதியை இறுக்கியது: மாநிலம் தழுவிய பதவிக்கு 15,000 ஆக இருந்த கையெழுத்து 45,000 ஆனது, அதுவும் 42 நாளுக்குள். விளைவு, 2022 ஆளுநர் தேர்தலிலும் 2024 அதிபர் தேர்தலிலும் நியூயார்க் சீட்டில் இரண்டே வேட்பாளர்கள்தான். ஜார்ஜியாவில் பிரதிநிதிகள் சபைத் தொகுதி ஒன்றில் நிற்கத் தொகுதியின் பதிவு வாக்காளர்களில் 5% கையெழுத்து வேண்டும். 1943ல் வந்த சட்டம். 1971ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

டெக்சாஸ் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். மார்ச் மாத பிரைமரி (கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) முடிந்த பிறகுதான் சேகரிக்கத் தொடங்கலாம், மே நடுவில் கொடுத்துவிட வேண்டும், சுமார் பத்து வாரம். அந்த வருட பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்துப் போடக் கூடாது. பத்தில் ஏழு கையெழுத்து செல்லும் என்று வைத்தால்கூட 1,13,151 தேற சுமார் 1,61,650 வாங்க வேண்டும், வாரத்துக்கு 16,000. கூட்டம் உள்ள இடத்தில் நின்று மணிக்கு 12 கையெழுத்து வாங்குபவரை நல்ல சேகரிப்பாளர் என்றே சொல்லலாம். அப்படியானால் சுமார் 13,500 மணி நேர வேலை. தன்னார்வலர்களால் மட்டும் இது ஆகாது. கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் நிறுவனங்களிடம் போக வேண்டும். சின்னக் கட்சியின் பணம் விளம்பரத்துக்குப் போகாமல் எங்கே கரைகிறது என்றால், இங்கேதான்.

ஒரு மனுத்தாளைக் கையில் எடுத்தால் அது செல்லாமல் போக எத்தனை வழி இருக்கிறது என்று தெரியும். மேலே வேட்பாளர் பெயர், பதவி, முகவரி. நடுவில் வரிசை வரிசையாகக் கையெழுத்து, அச்செழுத்தில் பெயர், பதிவு செய்த முகவரி, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), தேதி. அடியில் சேகரித்தவரின் உறுதிமொழி, சில மாநிலங்களில் நோட்டரி முத்திரையும். அதிகம் தள்ளுபடியாவது போட்டவர் பதிவு வாக்காளராக இல்லாததால். அடுத்தது, வீடு மாறியவர் புது முகவரியை எழுதியிருப்பார், வாக்காளர் பட்டியலில் பழையது இருக்கும். பிறகு வேறு கவுண்டிக்காரர் தப்பான தாளில் போடுவது, தேதி விடுபடுவது, ஒரே ஆள் இரண்டு முறை போடுவது, அதே பதவிக்கு வேறொருவர் மனுவில் ஏற்கெனவே போட்டிருப்பது. இவை ஒரு வரியோடு போகும். அடியில் உள்ள உறுதிமொழியில் பிழை என்றால் தாள் முழுவதும் போய்விடும்.

நெவாடாவில் 2024ல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். பசுமைக் கட்சி தேவைக்கு மேலேயே கையெழுத்து கொடுத்திருந்தது. சேகரிப்பவர் உறுதிமொழியில் "கையெழுத்திட்டவர்கள் இந்தக் கவுண்டியின் பதிவு வாக்காளர்கள் என்று நம்புகிறேன்" என்கிற வாசகம் இல்லை. மக்கள் மனுவுக்கான வேறொரு படிவம் அது. அந்தப் படிவத்தை அனுப்பியதே தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம். இருந்தும் மாநில உச்ச நீதிமன்றம் கட்சியின் பெயரைச் சீட்டிலிருந்து நீக்கியது. 2020ல் விஸ்கான்சினில் அதே கட்சிக்கு வேறு சிக்கல்: சேகரிப்பு நடக்கும்போதே துணை அதிபர் வேட்பாளர் வீடு மாறினார், தாள்களில் இரண்டு முகவரி. 1,800க்கு மேற்பட்ட கையெழுத்து கணக்கில் சேராமல் நின்றதால் தேவையான 2,000 தேறவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போவதற்குள் காலம் கடந்துவிட்டது என்று 4-3 தீர்ப்பு. 2024ல் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராபர்ட் கென்னடி ஜூனியர் நியூயார்க் சீட்டிலிருந்து நீக்கப்பட்டது, மனுவில் தந்த முகவரியில் அவர் உண்மையில் வசிக்கவில்லை என்பதற்காக. ஆட்சேபணை தாக்கல் செய்வது பெரும்பாலும் பெரிய கட்சிகளின் வழக்கறிஞர்கள்தான். 2004ல் பென்சில்வேனியாவில் மனு தோற்றபின் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நாடர் தரப்பு 81,000 டாலருக்கு மேல் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி உத்தரவு வந்தது.

ஆகவே, நீங்கள் விரும்பும் கட்சிக்கு உங்களால் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி தேர்தல் நாளில் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் மனு சேகரிக்கும் வேலையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுச் செல்லாததை அடித்துவிடும் பொறுமைசாலி ஒருவர், மேடையில் பேசும் பத்துப் பேருக்குச் சமம். சேகரிப்புக்குப் போகும் முன் படிவம் சரிதானா என்பதைத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதோடு சட்டப் பிரிவையும் நீங்களே படித்துப் பாருங்கள். அதிகாரி தப்பாகச் சொன்னதை நம்பினோம் என்பது நீதிமன்றத்தில் காப்பாற்றாது, நெவாடாவில் பார்த்தபடி. தேவையான எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு இலக்கு வையுங்கள்.

ஓட்டைப் பிரிப்பது பற்றி வருவோம். வழக்கமாகச் சொல்வது 2000 அதிபர் தேர்தலின் ஃபுளோரிடா: குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், பசுமைக் கட்சிக்காக நின்ற நாடர் வாங்கியது 97,488. கணக்கு மறுக்க முடியாதது. ஆனால் இதே கணக்கை 2016 மிச்சிகனில் போடுபவர்கள் பாதியை மறைக்கிறார்கள். டிரம்ப் வித்தியாசம் 10,704, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 51,463 என்பார்கள். அதே சீட்டில் லிபர்டேரியன் கேரி ஜான்சன் 1,72,136 வாங்கினார். அவர் இல்லாமலிருந்தால் அந்த ஓட்டில் கணிசமானது டிரம்ப்புக்குப் போயிருக்கலாம். மூன்றாம் கட்சிக்குப் போட்டவரில் ஒரு பகுதி அந்தப் பெயர் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார். யார் ஓட்டை யார் பிரித்தார் என்பது அவ்வளவு நேரான கணக்கு அல்ல. மெய்ன் மாநிலத்தில் 2010 ஆளுநர் தேர்தல் இன்னும் வேடிக்கை: குடியரசுக் கட்சியின் பால் லெபேஜ் சுமார் 38% வாங்கி ஜெயித்தார், சுயேச்சை எலியட் கட்லர் சுமார் 36%, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் 19%. அங்கே ஓட்டைப் பிரித்தது பெரிய கட்சிதான்.

உங்கள் சொந்த ஓட்டைத் தீர்மானிக்க நான் சொல்லும் வழி: உங்கள் மாநிலத்தில் கடந்த இரண்டு அதிபர் தேர்தலின் வித்தியாசத்தைப் பாருங்கள். பத்துப் புள்ளிக்கு மேல் என்றால், கலிபோர்னியா மாதிரி, உங்கள் ஓட்டு முடிவை மாற்றப்போவதில்லை. மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம். மூன்று புள்ளிக்குள் என்றால், பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாதிரி, இரண்டு பெரிய வேட்பாளர்களில் யார் வந்தாலும் உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுதான் என்றால் தாராளமாகப் போடுங்கள். இல்லை என்றால் அந்த வித்தியாசத்தை விலையாகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள். நடுவில் இருக்கும் மாநிலங்களில் கடைசி வாரக் கருத்துக்கணிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுக்குச் சட்டப்படி எடை கூடும் இடங்கள் சில உண்டு. கட்சி சீட்டில் தன் இடத்தைத் தக்கவைக்கும் வரம்பு அதில் முதலாவது. டெக்சாஸில் கடைசி ஐந்து பொதுத்தேர்தல்களில் ஏதாவது ஒன்றில், மாநிலம் தழுவிய ஏதாவது ஒரு பதவிக்கு, 2% வாங்கியிருந்தால் போதும். மறுபடி கையெழுத்துக்கு அலைய வேண்டாம். நியூயார்க்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 1,30,000 ஓட்டு அல்லது 2%, எது அதிகமோ அது. அதனால்தான் 2020க்குப் பிறகு பசுமையும் லிபர்டேரியனும் அங்கே தகுதி இழந்தன. அலபாமாவில் 20%, அதாவது முடியாது என்பதற்கு மரியாதையான பெயர். வரம்பு 2% உள்ள மாநிலத்தில், அதிகம் கவனிக்கப்படாத நீதிபதி அல்லது ஆணையர் பதவிக்கு ஒரு பெரிய கட்சி ஆளே நிறுத்தவில்லை என்றால், அந்த இடத்தில் மூன்றாம் கட்சிக்குப் போடும் ஓட்டுக்கு யாருக்கும் நஷ்டமில்லை, கட்சிக்கு நேரடி லாபம்.

இன்னொரு வரம்பு 5%. அதிபர் தேர்தலில் நாடு தழுவி 5% வாங்கும் கட்சிக்கு அடுத்த தேர்தலில் அரசு நிதியில் விகிதாசாரப் பங்கு கிடைக்கும். வருமான வரிப் படிவத்தில் 3 டாலர் கட்டம் ஒன்று இருக்கிறதே, அந்த நிதி. 1996ல் பெரோ 8.4% வாங்கியதால் அவர் தொடங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு 2000ல் 1.26 கோடி டாலர் வந்தது. வந்த பணம் கட்சியை வளர்க்கவில்லை. அந்தப் பணத்துக்காகவே இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டது. வேட்பாளர் பேட் புக்கனன் அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, கட்சியும் கலைந்த மாதிரிதான். 2016ல் ஜான்சன் 3.28%வரை வந்தார். 5% கனவை நம்பிப் போடச் சொல்பவர்கள் இந்தப் பின்கதையைச் சொல்வதில்லை.

ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு கட்டாயம் என்கிற மாநிலங்களில் இரண்டு சதவீதத்துக்கே பலம் வந்துவிடும். ஜார்ஜியாவில் 2020 நவம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் டேவிட் பெர்டூ 49.7% வாங்கினார். லிபர்டேரியன் வேட்பாளருக்கு 2.3%. அதனால் மறுதேர்தல், 2021 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசஃப் ஜெயித்தார், அதே நாளில் நடந்த இன்னொரு மறுதேர்தலோடு சேர்ந்து செனட்டின் கட்டுப்பாடே மாறியது. அந்த 2.3% எதையும் பேரம் பேசி வாங்கவில்லை என்பதுதான் வருத்தம். இரண்டாம் சுற்றுக்கு முன் எங்கள் ஆதரவு வேண்டுமானால் சீட்டு விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்கும் அமைப்பு பலம் கட்சியிடம் இருக்க வேண்டும்.

நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் வேறொரு வசதி. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சி நிறுத்தலாம், இரண்டு வரிசையிலும் வாங்கிய ஓட்டு கூட்டப்படும். கனெக்டிகட்டில் 2010ல் ஜனநாயகக் கட்சியின் டேனல் மல்லாய் ஆளுநரானது சுமார் 6,400 ஓட்டு வித்தியாசத்தில். அவரையே நிறுத்திய வொர்க்கிங் ஃபேமிலீஸ் என்ற சின்னக் கட்சியின் வரிசையில் மட்டும் அவருக்கு 26,000க்கு மேல். ஓட்டும் வீணாகவில்லை, எங்கிருந்து வந்தது என்பதும் ஆளுநருக்குத் தெரிந்தது. முன்பு நாடு முழுக்க இது இருந்தது. 1890களில் மக்கள் கட்சி இப்படிக் கைகோத்து ஜெயிப்பதைப் பார்த்துத்தான் மாநிலம் மாநிலமாகத் தடை செய்தார்கள். 1997ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. மக்கள் கட்சி போய்விட்டது, அது கேட்ட வருமான வரியும் செனட்டர்களுக்கு நேரடித் தேர்தலும் 1913ல் அரசியல் சட்டத் திருத்தங்களாயின. மூன்றாம் கட்சிகளின் வெற்றி பெரும்பாலும் இந்த ரகம்: கோரிக்கை ஜெயிக்கும், கட்சி இருக்காது.

விருப்ப வரிசை முறையில் ஓட்டைப் பிரிக்கும் பயம் பெருமளவு தணிகிறது. 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறீர்கள்; கடைசியில் வந்தவர் வெளியேற, அவருடைய ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகிறது. மெய்ன் 2016ல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றது. 2018ல் இரண்டாவது தொகுதியில் முதல் சுற்றில் புரூஸ் பாலிக்வின் 46.3%, ஜாரெட் கோல்டன் 45.6%, இரண்டு சுயேச்சைகளுக்குச் சேர்த்து சுமார் 8%. சுயேச்சைகளின் ஓட்டு பிரிந்து சேர்ந்ததில் கோல்டன் ஜெயித்தார். ஆனால் மெய்ன் அரசியல் சட்டத்தின் வாசகத்தால் ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு இது பொருந்தாது. எந்தக் கோளாறுக்காகக் கொண்டுவந்தார்களோ, அந்த இடத்திலேயே மருந்து வேலை செய்யவில்லை. அலாஸ்காவும் 2020ல் ஏற்றது. 2024ல் அதை ரத்து செய்யும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஆரிகன் நான்கிலும் இந்த முறைக்கான முன்மொழிவுகள் தோற்றன. மிசௌரி தடையே போட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த முறை மூன்றாம் கட்சிக்குப் பயமில்லாமல் ஓட்டுப் போட வைக்கும், மூன்றாம் கட்சியை ஜெயிக்க வைக்காது. ஜெயிக்க, வாங்கிய ஓட்டுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறை வேண்டும், அதற்கு 1967 சட்டம் மாற வேண்டும்.

கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் இருக்கும் முதல் இருவர் முறையைச் சீர்திருத்தம் என்று விற்பார்கள். அதில் பிரைமரியில் முதலிரண்டு இடம் வந்தவர்கள் மட்டும் நவம்பர் சீட்டில் இருப்பார்கள். அதிபர் பதவி தவிர மற்றதில் மூன்றாம் கட்சி நவம்பரில் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது.

ஜெயித்த இடங்களும் உண்டு. பெரிய அளவில் ஒன்று, 1998 மினசோட்டா: ரிஃபார்ம் கட்சியின் ஜெஸ்ஸி வென்சுரா 37% வாங்கி ஆளுநரானார், மற்ற இருவருக்கும் 34, 28. மல்யுத்த வீரர் என்ற புகழால் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அடித்தளம் நான்கு வருடம் முன்பே போட்டாயிற்று: 1994 செனட் தேர்தலில் டீன் பார்க்லி 5% தாண்டியதால் கட்சிக்கு மாநிலத்தில் பெரிய கட்சித் தகுதி வந்தது, அதோடு சீட்டில் இடமும். வென்சுரா தொலைக்காட்சி விவாதங்களில் மற்ற இருவருக்குச் சமமாக நின்றார், மாநில அரசின் தேர்தல் நிதி கிடைத்தது, தேர்தல் நாளன்றே பதிவு செய்து ஓட்டுப் போடும் வசதி இருந்ததால் அதுவரை ஓட்டே போடாத இளைஞர்கள் வந்தார்கள். பதவியேற்றபோது சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு ஆள் இல்லை. 2002ல் அவர் நிற்கவில்லை, கட்சியும் மெல்லத் தேய்ந்தது. எதிர்ப்பக்கம் வெர்மான்ட்: 1981ல் பர்லிங்டன் மேயர் பதவியைப் பத்து ஓட்டில் பிடித்த பெர்னி சாண்டர்ஸைச் சுற்றி உருவான குழு படிப்படியாக நகர மன்றம், பிறகு மாநிலச் சட்டமன்றம் என்று போய் இன்றும் வெர்மான்ட் முற்போக்குக் கட்சியாக இருக்கிறது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட், ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர், 2006ல் பசுமைக் கட்சியைச் சேர்ந்த கேல் மெக்லாக்லினை மேயராக்கியது.

செனட் அளவில் இன்று பலன் தரும் சூத்திரம் ஒன்றே: ஒரு பெரிய கட்சி நம்பிக்கையே இல்லாமல் கிடக்கும் மாநிலத்தில், அது ஆள் நிறுத்தாமல் ஒதுங்க, சுயேச்சை நேருக்கு நேர் மோதுவது. 2022 யூட்டாவில் எவன் மெக்மல்லின் சுமார் 43%. 2024 நெப்ராஸ்காவில் டான் ஆஸ்பர்ன் 46%க்கு மேல், அதே மாநிலத்தில் கமலா ஹாரிஸ் 39% மட்டுமே. தோல்விதான், ஆனால் இரண்டு கட்சிக்காரர் மோதியிருந்தால் தொட்டே இருக்க முடியாத தூரம். மும்முனையாக நின்று உப்புக்குச் சப்பாணியாக 2% வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாக்காளர் பதிவில் ஒரு கண்ணி. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற இடங்களில் பிரைமரி மூடியது: கட்சியில் பதிவு செய்தவருக்கு மட்டும். மூன்றாம் கட்சியில் பதிந்தால் பெரிய கட்சிகளின் பிரைமரியில் ஓட்டு கிடையாது. ஒரே கட்சியின் கோட்டையான தொகுதியில் உண்மையான தேர்தலே பிரைமரிதான் என்பதால் இது சின்ன இழப்பு அல்ல. 2018ல் அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ-கோர்டெஸ் நியூயார்க்கில் ஜோசப் கிரௌலியை வீழ்த்திய பிரைமரியில் விழுந்த மொத்த ஓட்டு 30,000க்குள். இரண்டு கட்சிமேலும் வெறுப்பு என்றாலும், உங்கள் தொகுதியை ஆளும் கட்சியில் பதிந்து பிரைமரியில் பிடிக்காதவரை எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, நவம்பரில் உங்கள் மனசுப்படி போடுவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது, ஆனால் மேலே சொன்னபடி பிரைமரியில் ஓட்டுப் போட்டால் அந்த வருடம் மூன்றாம் கட்சி மனுவில் கையெழுத்துப் போட முடியாது. எது முக்கியம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். கலிபோர்னியாவில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்கள் படிவத்தில் "நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுயேச்சை என்று நினைத்து "அமெரிக்கன் இன்டிபென்டன்ட்" கட்டத்தை நிரப்புபவர்கள் அந்தப் பெயருள்ள வலதுசாரிக் கட்சியில் உறுப்பினராகிவிடுகிறார்கள்.

சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதலாம் என்று நினைத்தால், ஹவாய், நெவாடா, ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் அதற்கு இடமே இல்லை. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் வேட்பாளர் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் அந்த ஓட்டு அவர் பெயரில் எண்ணப்படும். மாநிலச் செயலர் இணையதளத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எழுதினால் அதுதான் நிஜமான வீண் ஓட்டு.

பணம் தருவதானால் 2025-26ல் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தனிநபர் தரலாம். பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. இது கூட்டாட்சிப் பதவிகளுக்கு. நகர மன்றத்துக்கு நிற்பவருக்கு இதில் ஒரு சிறு பகுதி கொடுத்தாலே அச்சடிப்புச் செலவு நின்றுவிடும், ஆகவே அங்கே கொடுங்கள் என்பேன்.

கேள்வியில் இல்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே குடியேற்ற நிலை இருக்காது என்பதால் இதையும் சேர்க்கிறேன். கிரீன் கார்டு உள்ளவர் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு நன்கொடை தரலாம், ஓட்டுப் போட முடியாது. எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. சம்பளமில்லாத தன்னார்வ வேலை மட்டும் செய்யலாம். வேட்பாளர் மனுவில் கையெழுத்துப் போடுவது பதிவு வாக்காளரின் உரிமை, அதைக் குடியுரிமை இல்லாத யாரும் தொடக் கூடாது. கடை வாசலில் மனுத்தாளோடு நிற்பவர்கள் பல சமயம் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். அதில் நான் குடிமகன் என்று ஒரு கட்டம் இருக்கும். குடியுரிமை இல்லாதவர் யோசிக்காமல் அதை நிரப்பிக் கையெழுத்திட்டால் நாடுகடத்தும் நடவடிக்கை வரை போகலாம். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் இது பற்றிக் கேள்வியே இருக்கிறது.